காத்திருப்பும் ஒரு வேலைதான்

நவம்பர் கடைசியிலேயே எங்கள் கடற்கரையில் ஸ்டார் ஏறிவிடும். வாசலில் ஒன்று, மாடியில் ஒன்று, கோவில் கோபுரத்தில் ஆளைவிடப் பெரியதாக ஒன்று. தெரு முழுக்க சீரியல் பல்பு. கேரல் ரவுண்ட்ஸுக்கு டிரம் யார் கொண்டுவருவது, தாத்தா வேஷம் யார் போடுவது என்று பையன்கள் கூடிப் பேசத் தொடங்கியிருப்பார்கள். நாகர்கோவில் துணிக்கடைகளில் நிற்க இடம் இருக்காது.

அதே வாரம் கோவிலுக்குள் போனால் அங்கே வேறு பருவம் நடந்துகொண்டிருக்கும். சாமியார் ஊதா உடுப்பில் வருவார். பீடத்தில் பூ குறைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் வழக்கமாகப் பாடும் வானவர் கீதம் இருக்காது. பெத்லகேமில் வானதூதர்கள் பாடிய பாட்டு என்பதால் அதை இடையர்களுக்கு முன்பாகவே நாம் பாடிவிடக் கூடாது என்பதுபோலத் திருச்சபை அதை எடுத்து வைத்துவிடும். வெளியே கிறிஸ்துமஸ் வந்தாயிற்று, உள்ளே இன்னும் வரவில்லை.

"டீச்சர், கோவிலுக்குள்ள மட்டும் எதுக்கு இப்படி?" என்று மறைக்கல்வி வகுப்பில் வருடா வருடம் ஏதாவது ஒரு பிள்ளை கேட்டுவிடும். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஞாயிறு காலை மறைக்கல்வி வகுப்பிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை. குளச்சலுக்கும் நீரோடிக்கும் இடையில் உள்ள கடற்கரை ஊர் எங்களுடையது. அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லும் பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமும் கொண்டாட்டத்தின் முன்னோட்டம் அல்ல. அது திருவருகைக் காலம், காத்திருக்கப் பழகும் காலம். காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று எங்கள் கடற்கரையில் யாரும் நினைப்பதில்லை.

வருடம் பிறக்கும் ஞாயிறு

கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டு ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுதான் அதன் வருடப் பிறப்பு. நவம்பர் 30 திருத்தூதர் அந்திரேயாவின் விழா. எங்கள் பாட்டிமார் வாயில் அவர் பெலவேந்திரர். வலை வீசிக்கொண்டிருந்த மீனவர். அவருடைய நாளுக்கு மிக அருகில் வரும் ஞாயிறு எதுவோ, அன்று காலம் தொடங்கும். முந்தி வந்தால் நவம்பர் 27, பிந்தினால் டிசம்பர் 3. 2022இல் 27ஆம் தேதியே தொடங்கி நான்கு வாரம் முழுசாகக் கிடைத்தது. 2023இல் டிசம்பர் 3 அன்று தொடங்கியதால் நான்காம் ஞாயிறு 24ஆம் தேதியில் வந்து விழுந்தது. காலையில் நான்காவது மெழுகுவர்த்தி, ராத்திரியில் பிறப்புத் திருப்பலி. குடில் வேலை முடியாத பையன்கள் அன்று பட்ட பாடு ஊருக்கே தெரியும்.

வருடம் மாறினால் வாசிக்கும் நற்செய்தியும் மாறும். ஒரு வருடம் மத்தேயு, அடுத்த வருடம் மாற்கு, அதற்கடுத்து லூக்கா, பிறகு மறுபடி மத்தேயு. யோவான் நற்செய்தி மற்றக் காலங்களில் இடையிடையே வரும்.

குமரி மாவட்டத்தில் இந்தக் காலத்தின் வாசல் கோட்டாறுதான். டிசம்பர் 3 புனித சவேரியார் விழா. அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. சாதி மதம் பார்க்காமல் சனம் கோட்டாறு பேராலயத்துக்குப் போகும். 1542இல் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த சவேரியார், செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடமாக்கிக்கொண்டு, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தவர். 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில், சீனாவுக்குள் போகக் காத்திருந்த நிலையிலேயே இறந்தார். அதே கோட்டாறு கோவிலில்தான் புனித தேவசகாயத்தின் கல்லறையும் இருக்கிறது. நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசில் பணிபுரிந்து, 1745இல் திருமுழுக்குப் பெற்றவர். 1749இல் கைதாகி, 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்படும்வரை சங்கிலியில் கிடந்தவர். நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்த 2012 டிசம்பர் 2, அந்த வருடத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. எங்கள் பங்கிலிருந்தும் வேன் வைத்துப் போனோம். ஊதா நிறத்தில் தொடங்க வேண்டிய நாள் சிவப்பு உடுப்பும் கொடியுமாகத் தொடங்கியது.

முடிவிலிருந்து ஆரம்பம்

கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் முதல் ஞாயிறு என்றதும் மாதாவும் சூசையப்பரும் கழுதையில் பெத்லகேம் போகும் கதையை வாசிப்பார்கள் என்று பிள்ளைகள் எதிர்பார்க்கும். அன்று வாசிப்பதோ உலக முடிவைப் பற்றிய பகுதி. ஆண்டவர் எந்த நேரத்தில் வருவார் என்று தெரியாது, விழித்திருங்கள் என்பதே அதன் சாரம். குழந்தை பிறக்கப் போகிற வீட்டில் எதற்கு இந்தப் பேச்சு என்று தோன்றும்.

காரணம், இந்தக் காலம் இரண்டு பாகமாகப் பிரிந்திருக்கிறது. டிசம்பர் 16 வரை திருச்சபையின் கண், காலத்தின் முடிவில் கிறிஸ்து திரும்ப வருவதன்மேல் இருக்கும். 17ஆம் தேதியிலிருந்துதான் அது பெத்லகேம் பக்கம் திரும்பும். இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான் வருவார். ஒட்டக மயிராடை உடுத்து, வெட்டுக்கிளியும் தேனும் தின்று, வனாந்தரத்தில் நின்று கத்தும் மனிதர். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் அவர் படத்தை யாரும் போடுவதில்லை. ஆனால் அவரைத் தாண்டாமல் குடிலுக்குப் போக வழி இல்லை. நான்காம் ஞாயிறுதான் மாதாவுக்கும் சூசையப்பருக்கும் உரியது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவி புனித பெர்நார்து ஒரு திருவருகைக் கால மறையுரையில் ஆண்டவரின் வருகைகளை மூன்றாக எண்ணினார். முதலாவது, பெத்லகேமில் மனிதனாக வந்தது. அது கண்ணுக்குத் தெரிந்தது. கடைசி வருகை மாட்சியோடு வரப்போவது. அதையும் எல்லாரும் காண்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, தினமும் மனுஷர் மனசுக்குள் வருவது. அதை யாரும் பார்க்க முடியாது. முதலாவது நடந்து முடிந்தது, கடைசியானது நம் கையில் இல்லை, நாம் தயாராக முடிந்தது நடுவில் உள்ளதற்குத்தான். ஆன்மிகத் தயாரிப்பு என்று எங்கள் சாமியார்கள் சொல்வதெல்லாம் இந்த நடு வருகையைப் பற்றியதே.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதை விளக்க எனக்கு ரொம்ப நேரம் ஆவதில்லை. மேற்கே தூத்தூர்ப் பகுதி ஆண்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறா பிடிக்கிறவர்கள். கொச்சியிலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் போட்டு என்னும் விசைப்படகை எடுத்துப் போனால் ஒரு மாதம்கூட ஆகும். கிறிஸ்துமஸுக்குக் கரையேறிவிட வேண்டும் என்பது எல்லாருடைய கணக்கு. ஆள் கடலில் இருக்கும் வீட்டில் பெண் எப்படி இருப்பாள்? வரும் தேதி அவள் கையில் இல்லை. ஆனால் வீடு அவள் கையில் இருக்கிறது. சிட்டுப் பணம் கட்டியாக வேண்டும், மாமியாருக்கு மருந்து வாங்க வேண்டும், பிள்ளையின் பரீட்சையைப் பார்க்க வேண்டும், ஒழுகும் ஓட்டை மாற்ற வேண்டும். வருகிறவன் வந்து பார்க்கும்போது வெட்கப்பட ஒன்றும் இருக்கக் கூடாது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நற்செய்தி சொல்வதும் இதைத்தான்.

ஹாம்பர்க் பிள்ளைகளின் சக்கரம்

முதல் ஞாயிறன்று பீடத்தருகே ஒரு பச்சை வளையமும் நான்கு மெழுகுவர்த்தியும் வைப்போம். மூன்று ஊதா, ஒன்று ரோஸ். வாரம் ஒன்றாக ஏற்றுவோம். ரோஸ் நிறம் மூன்றாம் ஞாயிறுக்கு. பாதி வழி தாண்டியாயிற்று, மகிழ்ச்சி கொள்ளுங்கள் என்று சொல்லும் ஞாயிறு அது. அன்று சாமியாரின் உடுப்பும் ரோஸ் நிறத்தில் இருக்கலாம். அந்த நிற உடுப்பு இல்லாத பங்குகள் ஊதாவிலேயே பூசை வைத்துவிடும். எங்கள் கடைத்தெருவில் ஊதா மெழுகுவர்த்தி கிடைப்பது அபூர்வம். பிள்ளைகள் வெள்ளை மெழுகுவர்த்தியில் ஊதா கலர் பேப்பரைச் சுற்றி, மேலே ஒரு விரல் அளவு விட்டு நூலால் கட்டுவார்கள். எரிந்து பேப்பர் பக்கம் வருவதற்குள் அணைக்க வேண்டியது கோவில்பிள்ளையின் பொறுப்பு.

இந்த வளையத்தைக் கத்தோலிக்கர் கண்டுபிடிக்கவில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிக் விஷெர்ன் என்ற லுத்தரன் போதகர் 1833இல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு விடுதி தொடங்கினார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் தினமும் கேட்டு நச்சரித்தார்களாம். 1839இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து அதில் மெழுகுவர்த்திகளை நட்டார். வார நாளுக்குச் சிறியது, ஞாயிறுக்குப் பெரியது. ஒவ்வொரு நாளும் ஒன்று கூடுதலாக எரியும். பிள்ளைகள் எண்ணவும் கற்றுக்கொண்டார்கள், பொறுக்கவும் கற்றுக்கொண்டார்கள். கத்தோலிக்கக் கோவில்களுக்குள் இது வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான்.

எங்கள் பிள்ளைகளுக்கும் அதே நச்சரிப்புதான். "எப்பம் டீச்சர் பொறப்பு வரும்?" இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கும் காத்திருந்து பழக்கமில்லை என்று பெரியவர்கள் குறைப்படுவது உண்டு. பெரியவர்களான நமக்கு மட்டும் இருக்கிறதா என்ன? முதல் ஞாயிறு அன்று மற்ற மூன்று மெழுகுவர்த்தியையும் ஏற்றாமல் வைத்திருப்பதில் ஒரு பயிற்சி இருக்கிறது. தீப்பெட்டி கையில் இருந்தும் ஏற்றாமல் இருக்க வேண்டும்.

வாயும் கையும் மனசும்

பழைய காலத்தில் இது கடுமையான நோன்புக் காலம். ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பேத்துவுஸ், நவம்பர் 11 புனித மார்ட்டின் விழாவிலிருந்து கிறிஸ்துமஸ் வரை வாரத்தில் மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொன்னார். இன்று லத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த எங்களுக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் குமரி மாவட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. இந்தியக் கத்தோலிக்கத் திருச்சபையின் மூன்று வழிபாட்டு மரபுகளும் இங்கே அக்கம்பக்கமாக இருக்கின்றன. கோட்டாறும் குழித்துறையும் லத்தீன் மறைமாவட்டங்கள், தக்கலை சீரோ மலபார், மார்த்தாண்டம் சீரோ மலங்கரா. அந்த இரண்டு மரபினரும் டிசம்பர் 1 தொடங்கி இருபத்தைந்து நோன்பு பிடிக்கிறவர்கள். இறைச்சி தொடமாட்டார்கள். மீனும் முட்டையும்கூட விடுகிறவர்கள் உண்டு. என்னோடு வேலை பார்த்த தக்கலைக்காரி ஆசிரியை டிசம்பர் பிறந்ததும் டிபன் பாக்ஸில் பயறுத் தோரனோடு வருவாள். நான் நெத்திலி வறுத்துக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? அவளோடு சேர்ந்து நானும் பழகினேன். மீனைப் பிடித்து வாழும் ஊரில் மீனை விடுவது சின்ன விஷயம் அல்ல.

நோன்பு என்றால் சாப்பாடு மட்டும் அல்ல என்பதைச் சாமியார்கள் சொல்லி அலுத்துவிட்டார்கள். நான் வகுப்பில் சொல்வது மூன்று வேலை.

முதலாவது வாசிப்பு. லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரம். டிசம்பர் 1இல் தொடங்கி நாளுக்கு ஒன்று வாசித்தால் 24ஆம் தேதி முடியும். ஒரு அதிகாரம் வாசிக்கக் கால் மணி நேரம் போதும். வீட்டில் சத்தமாக வாசித்தால் இன்னும் நல்லது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இயேசுவின் பிறப்பு இரண்டாம் தேதியே முடிந்துவிடும். பிறகு அவர் வளர்ந்து, ஊர் ஊராக நடந்து, தொழுநோயாளியைத் தொட்டு, ஊதாரி மகனின் கதை சொல்லிக்கொண்டிருப்பார். அடுப்பில் எண்ணெய் காயும் 23ஆம் தேதி அவரைச் சிலுவையில் அறைவார்கள். 24ஆம் தேதி ராத்திரி, பிறப்புப் பூசைக்குப் போகுமுன், காலியான கல்லறையைப் பற்றி வாசித்து முடிப்போம். தொட்டிலில் கிடக்கும் குழந்தை யார் என்று தெரிந்துகொண்டு குடில் முன்னால் நிற்பதற்கும், தெரியாமல் நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இரண்டாவது ஒப்புரவு. எங்கள் அம்மா காலத்தில் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் ஒரு நாள் பக்கத்துப் பங்குச் சாமியார்களும் வந்து மாலையில் உட்காருவார்கள். வரிசை கோவில் வாசலைத் தாண்டி நிற்கும். உள்ளூர்ச் சாமியாரிடம் போகக் கூச்சப்படுகிறவர்கள் அன்று வெளியூர்ச் சாமியார் பக்கம் நிற்பார்கள், அதில் தப்பில்லை. ஆனால் கடவுளோடு ஒப்புரவு ஆவதற்கு முன்னால் ஆளோடு ஒப்புரவு ஆக வேண்டும். அதுதான் கஷ்டம். எங்கள் தெருவில் அண்ணன் தம்பி இருவர் போட்டுப் பங்கில் மனத்தாங்கலாகிப் பேச்சை விட்டிருந்தார்கள். ஒரு டிசம்பரில் அண்ணன் பெண்டாட்டி முந்திரிக்கொத்துத் தட்டோடு தம்பி வீட்டுப் படி ஏறினாள். கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் கிடந்தது. "இருபத்தஞ்சுக்குக் குடுத்தா ஊருக்கெல்லாம் குடுக்குற மாதிரி ஆயிரும் டீச்சரே, அதான் இப்பமே" என்று என்னிடம் சொன்னாள். திருவருகைக் காலத்தைப் பற்றி இதைவிட நல்ல மறையுரையை நான் கேட்டதில்லை.

மூன்றாவது கொடுப்பது. வின்சென்ட் தே பால் சபையினர் டிசம்பரில் வீடு வீடாக வருவார்கள். துணியும் அரிசியும் சேர்ப்பார்கள். லூக்காவில் திருமுழுக்கு யோவானிடம் சனங்கள், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இடம் ஒன்று வருகிறது. அவர் ஜெபம் கூட்டச் சொல்லவில்லை. இரண்டு உடுப்பு வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்று கொடுக்கட்டும் என்றார். வரி வசூலிப்பவனிடம் கூடுதலாக வாங்காதே என்றார். படைவீரனிடம் மிரட்டிப் பறிக்காதே என்றார். அவரவர் தொழிலில் நேர்மையாக இருப்பதே ஆண்டவருக்குப் போடும் பாதை. இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, "உங்க வீட்டுல பழசானதைக் குடுக்காதீங்க மக்கா, உங்களுக்குப் பிடிச்சதுல ஒண்ணைக் குடுங்க" என்பேன். சில அம்மாமார் அதற்காக என்னிடம் சண்டைக்கு வந்ததும் உண்டு.

திரும்பி வராதவர்கள்

2017 நவம்பர் 29 ராத்திரியும் 30ஆம் தேதியும் ஒக்கிப் புயல் எங்கள் கடலில் அடித்தது. பெலவேந்திரர் நாள் அது. எச்சரிக்கை வருமுன்பே போட்டுகள் ஆழ்கடலுக்குப் போயிருந்தன. டிசம்பர் 3 அன்று சவேரியார் நாளும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறும் ஒன்றாக வந்தன. அந்த வருடம் மாற்கு நற்செய்தி வருடம். பயணம் போன வீட்டுத் தலைவர் எந்த நேரத்தில் திரும்புவார் என்று தெரியாது, ஆகவே உறங்காமல் இருங்கள் என்று வேலைக்காரர்களுக்குச் சொல்லும் பகுதி அன்றைய வாசகம். கோவிலில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஏற்கனவே மூன்று ராத்திரி உறங்காதவர்கள்.

சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் லட்சத்தீவிலும் இன்னும் வடக்கே பல துறைகளிலும் கரையேறினார்கள் என்று செய்தி வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வரவே இல்லை. கேரளத்து ஆஸ்பத்திரிகளின் பிணவறைகளில் டிஎன்ஏ சோதனைக்காக அப்பாமாரும் பிள்ளைகளும் ரத்தம் கொடுத்து நின்றார்கள். டிசம்பர் 7 அன்று தூத்தூர்ப் பகுதிச் சனம் ஆயிரக்கணக்கில் குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்துபோய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தது. எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்பதே கோரிக்கை. அந்த வருடம் பல ஊர்களில் ஸ்டார் ஏறவில்லை, கேரல் போகவில்லை, கறுப்புக் கொடிதான் பறந்தது.

அந்த டிசம்பரில் மறைக்கல்வி வகுப்பில் நான் என்ன சொல்லிக்கொடுப்பது? நான்கு மெழுகுவர்த்தியையும் அந்த வருடமும் ஏற்றினோம். திருவருகைக் காலம் ஏன் உலக முடிவிலிருந்து தொடங்குகிறது என்று அப்போதுதான் எனக்குச் சரியாக விளங்கியது. குழந்தை பிறந்த கதையில் மட்டும் தொடங்கியிருந்தால், புருஷனையும் மகனையும் கடலில் விட்ட பெண்ணுக்கு அதில் இடம் இருந்திருக்காது. எல்லாரையும் திரும்பக் கூட்டிச் சேர்க்க ஒருவர் வருவார் என்று சொல்லும் ஞாயிறு அவளுக்குத்தான் முதலில் வேண்டும். தண்டவாளத்தில் உட்கார்ந்ததும் அவளுடைய திருவருகைக் காலத்தில் ஒரு பகுதிதான். விழித்திருக்கச் சொன்ன நற்செய்தி, வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லவில்லை.

பேசாத மனிதரும் காலித் தொட்டிலும்

டிசம்பர் 17 முதல் வேகம் கூடும். அன்று தொடங்கி 23 வரை மாலைச் செபத்தில் ஒரு நாளைக்கு ஒரு பெயராக மெசியாவை அழைப்பது பழைய வழக்கம். ஞானம், ஆண்டவர், ஈசாயின் வேர், தாவீதின் திறவுகோல், விடியல், மக்களினங்களின் அரசர், இம்மானுவேல் என ஏழு அழைப்புகள்.

மத்தேயு வருடமானால் நான்காம் ஞாயிறு சூசையப்பருக்குரியது. தனக்கு நிச்சயித்த பெண் கருவுற்றிருக்கிறாள் என்று தெரிந்து, அவளை அவமானப்படுத்தாமல் விலகிவிட நினைத்து, கனவில் வந்த தூதனின் சொல் கேட்டு எழுந்து அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தவர். நற்செய்திகளில் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. அந்த மௌனமானவரைத்தான் இத்தாலியில் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர் தம் காப்பியத் தலைவனாக எடுத்துக்கொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர் பாடிய தேம்பாவணி 3,615 பாடல்கள் கொண்டது. பேசாத ஒருவரைப் பற்றி இத்தனை பாட்டு! திருவருகைக் காலத்துக்கு ஒரு ஆளைக் காட்டச் சொன்னால் நான் அவரைத்தான் காட்டுவேன். விளக்கம் முழுசாகக் கிடைக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. எழுந்து செய்ய வேண்டியதைச் செய்தார்.

இந்த வாரம்தான் குடில் வேலையும் சூடுபிடிக்கும். 1223 கிறிஸ்துமஸ் ராத்திரியில் புனித பிரான்சிஸ் அசிசி, இத்தாலியின் கிரேச்சியோ ஊரில் ஒரு குகையில் வைக்கோல் பரப்பி, மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, அங்கே திருப்பலி வைக்க ஏற்பாடு செய்தார். குடில் வைக்கும் வழக்கம் ஊரெல்லாம் பரவியதற்கு அந்த ராத்திரி பெரிய காரணம். மாடும் கழுதையும் நற்செய்தியில் இல்லை. எசாயா புத்தகத்தின் முதல் அதிகாரத்திலிருந்து வந்து சேர்ந்தவை. சொந்தக்காரனை மாடுகூட அறியும், என் மக்கள் அறியவில்லை என்று கடவுள் வருந்தும் இடம் அது.

எங்கள் ஊர்க் குடிலுக்குக் கடற்கரை மணல், தென்னை ஓலை, வயல் பச்சைக்காகச் சின்னத் தட்டுகளில் முளைக்கவைத்த நெல். அந்த நெல்லை முன்கூட்டியே நனைத்து விதைத்தால்தான் 24ஆம் தேதி பச்சையாக நிற்கும். மறந்துவிட்டால் கடையில் வாங்க முடியாது. தொட்டிலை மட்டும் காலியாக வைப்போம். நல்லது ஒன்று செய்த பிள்ளை ஒரு வைக்கோல் எடுத்து அதில் போடலாம். யார் எதற்காகப் போட்டது என்று கேட்கக் கூடாது என்பது விதி. நடுராத்திரித் திருப்பலியில், நாலு ஞாயிறும் பாடாமல் இருந்த வானவர் கீதம் மணியோசையோடு எழும்போதுதான் குழந்தை சுரூபம் தொட்டிலுக்கு வரும். நாலு ஞாயிறும் நாக்கைக் கட்டிவைத்திருந்தவர்களின் பாட்டு அது. மேற்கூரை அதிரும்.

26ஆம் தேதிக்கும் சேர்த்து

மற்ற மதத்து நண்பர்கள் பலர் 25ஆம் தேதியோடு எங்கள் பண்டிகை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எங்கள் கணக்கில் அன்றுதான் தொடக்கம். திருக்காட்சி விழாவையும் தாண்டி, ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை அது கிறிஸ்து பிறப்புக் காலம். அச்சுமுறுக்கு அதுவரை இருக்கும் என்று மட்டும் உறுதி சொல்ல முடியாது.

இந்தக் கடற்கரையில் 26ஆம் தேதிக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. 2004இல் அது ஒரு ஞாயிறு, திருக்குடும்ப விழா நாள். காலையில் சுனாமி வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று ஊர் ஊராக எடுத்துக்கொண்டு போனது. முந்தின நாள் உடுத்திய புத்தாடை கொடியில் காயும் முன்பே நடந்தது. அதனால் வருடந்தோறும் பிறப்புக்கு மறுநாள் கல்லறைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோகிறவர்கள் நாங்கள்.

ஆகவே திருவருகைக் காலத்தில் என்ன தயாரிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டால், 26ஆம் தேதியை மனசில் வைத்துத் தயாராகுங்கள் என்பேன். ஸ்டாரும் கேக்கும் புத்தாடையும் 25ஆம் தேதிக்கு நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அவற்றை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் புதுச் சேலை பிடிக்கும். அடுத்த நாளுக்குக் கூட வருவது வேறு சில. முன்கூட்டிக் கொண்டுபோய்க் கொடுத்த முந்திரிக்கொத்துத் தட்டு வரும். வரிசையில் நின்று இறக்கிவைத்த பாரத்தின் லேசு வரும். கடைசி அதிகாரம் வரை வாசித்து முடித்த நற்செய்தியும் வரும். இவை இருந்தால் கல்லறைக்குப் போகும் காலையிலும் வீட்டில் கிறிஸ்துமஸ் இருக்கும். இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பில் லூக்கா நற்செய்திப் புத்தகத்தைக் கொடுத்து, முதல் அதிகாரத்தை இன்று ராத்திரியே அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொல்வேன்.